கல்லூரிக்குப் போகுமுன் அல்சேஷன் வாங்கலாமா? – கேள்வி பதில்

பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதிவிட்டுப் பிள்ளைகள் வீட்டில் சும்மா இருக்கும் மாதங்களில்தான் நாய்க்குட்டிக் கேள்விகள் குவியும். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் நாய்களோடே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான் என்பதால் எல்லாம் என்னிடம் வருகின்றன. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். மருந்தளவு மட்டும் கேட்காதீர்கள். அது டாக்டர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டியது.

கேள்வி: அண்ணே, பல்கலைக்கழகத்துக்கு முந்திய மெட்ரிகுலேஷன் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறேன். கூப்பிடுவதற்குள் ஓர் அல்சேஷன் குட்டி வாங்கி, பழக்கிவிட்டுப் போகலாம் என்று ஆசை. அப்பாவுக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை. அம்மா வீட்டில்தான் இருக்கிறார். வாங்கலாமா?

தம்பி, முதலில் காலண்டரைப் பார். குட்டி வரும்போது அதற்கு இரண்டு மாதம். நீ கிளம்பும்போது ஏழெட்டு மாதம். ஆண் அல்சேஷன் அந்த வயதில் 25 கிலோவைத் தாண்டிவிடும். காது நிமிர்ந்திருக்கும், பல் மாறியிருக்கும், புத்தி மட்டும் குட்டிப் புத்தி. கூப்பிட்டால் வராது. கோழியைக் கண்டால் கயிற்றோடு ஆளையும் இழுத்துக்கொண்டு ஓடும். வளர்ப்பவரை அழவைக்கும் பருவம் அதுதான். சரியாக அந்த நேரம் பார்த்து நீ பெட்டி கட்டுவாய், கயிறு அம்மா கைக்குப் போகும்.

மெட்ரிகுலேஷன் ஓராண்டு, அப்புறம் பட்டப்படிப்பு மூன்று நான்கு ஆண்டு. அல்சேஷனின் ஆயுள் 9 முதல் 13 ஆண்டு. நீ படித்து முடித்து வேலை தேடி வருவதற்குள் அதன் வாழ்நாளில் பாதி கரைந்துவிடும். ஆக, நீ வாங்கப்போவது அம்மாவின் நாயை. அம்மாவிடம் "வாங்கட்டுமா?" என்று கேட்டால் உன் முகத்தைப் பார்த்துச் சரி என்றுதான் சொல்வார். அப்படிக் கேட்காதே. அப்பா விடியற்காலை பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போனபின் மழையில் அதை வெளியே கூட்டிப் போவது யார்? சாப்பாட்டுக்கு மாதம் பத்துப் பன்னிரண்டு கிலோ பாக்கெட் தீனி வாங்குவது யார் காசில்? இதைக் கேள். பிடிபிடிஎன் கல்விக் கடன் நாய்க்கு இல்லை.

இன்னொன்று. வீட்டில் கார் இருக்கிறதா? மோட்டார் சைக்கிள் மட்டும்தான் என்றால் பெரிய நாய் வேண்டாம் என்பது என் கட்சி. சின்ன நாய்க்கு உடம்பு முடியாவிட்டால் கூடையில் வைத்து ஈப்போவில் டாக்டரிடம் கொண்டு போகலாம். மயங்கிக் கிடக்கும் 30 கிலோவை எதில் ஏற்றுவாய்? தோட்டத்தில் எலி மருந்து தின்ற நாய்களுக்கு நேரம்தான் உயிர்.

கேள்வி: நான் மெட்ரிகுலேஷனுக்குப் பதிலாகப் படிவம் ஆறு படிக்கிறேன், உள்ளூர்ப் பள்ளியில். எனக்கும் அதே பதில்தானா?

இல்லை தங்கச்சி. உனக்கு ஒன்றரை ஆண்டு கையில் இருக்கிறது. முரட்டுப் பருவம் உன் கண்ணெதிரிலேயே கழிந்துவிடும். ஆனால் முதல் மாதத்திலிருந்தே அம்மாவும் கயிறு பிடித்துப் பழக வேண்டும். உன் குரலுக்கு மட்டும் உட்காரும் நாய், நீ போன மறுநாள் யாருக்கும் உட்காராது. கார் கேள்வி உனக்கும் உண்டு.

கேள்வி: பல்கலைக்கழக விடுதிக்குக் கூட்டிப் போகலாமா?

முடியாது.

கேள்வி: காவலுக்கு எந்த ஜாதி நல்லது? பிட்புல் கிடைக்கும் என்கிறார்கள்.

பிட்புல்லை விட்டுவிடுங்கள். பிட்புல், அகிதா, ஜப்பானியத் தோசா எல்லாம் கால்நடைச் சேவைத் துறை இறக்குமதிக்குத் தடை போட்டவை. அல்சேஷன், ராட்வீலர், டோபர்மேன் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. உங்கள் நகராண்மைக் கழகத்தின் லைசென்ஸ் விதி தனி. குட்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அங்கே கேளுங்கள். காவல் என்றால் குரைப்பதுதானே? அதற்குத் தோட்டத்து நாட்டு நாயே போதும்.

கேள்வி: தாத்தா லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில்) வளர்த்த மணி என்ற நாய் கறிக்குழம்புச் சோறு தின்றே பதினான்கு வருஷம் இருந்தது. பெரிய நாய்க்கு மட்டும் பாக்கெட் தீனி எதற்கு? கடைக்காரர் உங்களுக்கு எவ்வளவு கொடுக்கிறார்?

ஒரு காசும் கொடுக்கவில்லை. பெரிய ஜாதிக் குட்டிக்கு எலும்பு வளர்ந்து முடிய ஒன்று, ஒன்றரை ஆண்டு ஆகும். அதுவரை சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். அதிகமாக வருவதைத் தடுத்து நிறுத்தக் குட்டியின் குடலுக்குத் தெரியாது. சோறும் குழம்பும் ஒரு பக்கம் குறைக்கும். "எலும்புக்கு நல்லது" என்று வாங்கும் கால்சியம் மாத்திரை மறுபக்கம் கூட்டிவிடும். அதனால்தான் பெரிய ஜாதிக் குட்டிக்கென்று தனித் தீனி.

கறிக்குழம்பில் வெங்காயம் வேறு. நாயின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் 15 கிராம் அளவு வெங்காயம் உள்ளே போனாலே இரத்தச் சிவப்பணுக்கள் சிதையத் தொடங்கலாம். வேகவைத்தாலும் போகாது. பத்துக் கிலோ நாய்க்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், 150 கிராம். ஒரு கரண்டிக் குழம்பில் சாகாது, உண்மைதான். தினமும் ஊற்றுவதுதான் பிரச்சினை.

அதே நண்பர்: வெங்காயம் விஷம் என்றால் தோட்டத்தில் ஒரு நாயும் மிஞ்சியிருக்காதே?

மிஞ்சியதைத்தானே நீங்கள் பார்த்தீர்கள்? செத்ததைச் செம்பனை மரத்தடியில் புதைத்துவிட்டு மறுவாரமே புதுக்குட்டி வரும், அதற்கும் மணி என்றே பெயர் வைப்பார்கள். பதினான்கு வருஷம் இருந்தது ஒரு மணியா, மூன்று மணியா?

இன்னொருவர்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும் ஐயா. என் லாப்ரடாருக்குச் சோறு, கோழி, பூசணிக்காய் வேகவைத்துப் போடுகிறேன். தப்பா?

வளர்ந்த நாயா? உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் போடுங்கள். சத்துக் குறையாமல் இருக்க என்ன சேர்ப்பது என்று டாக்டரிடம் கேளுங்கள். வெந்த கோழி எலும்பைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள், உடைந்தால் ஊசி மாதிரி குத்தும். குட்டிக்கு இந்தச் சாப்பாடு வேண்டாம்.

முதல் நண்பர் மீண்டும்: எங்கள் மணி ஒன்றேதான். போட்டோ இருக்கிறது. சாப்பாடு பிடிக்காவிட்டால் தாத்தா தோளில் தூக்கிக்கொண்டு போய் ஆற்றில் குளிப்பாட்டுவார், அப்புறம் தின்னும்!

சரி, ஒரே மணி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தோளில் தூக்கினார் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அந்தக் கணக்கை ராட்வீலருக்குப் போடாதீர்கள். மணி பேச்சை இத்துடன் நிறுத்திக்கொள்வோம், பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: காவலுக்கு எந்த ஜாதி நாய் நல்லது அண்ணே?

மேலே பாருங்கள்.

கேள்வி: எலி மருந்து என்று பயமுறுத்துகிறீர்களே, எங்கள் தோட்டத்தில் எலி பிடிக்கும் கூகை ஆந்தைகள் தங்கக் கூண்டு வைத்திருக்கிறார்கள்.

நல்லது. ஆனால் கூகை தோட்டத்து எலியைப் பிடிக்கும், பக்கத்து வீட்டுக்காரர் அடுப்படியில் வைத்த மருந்தை எடுக்காது. பெரும்பாலான எலி மருந்து இரத்தத்தை உறையவிடாமல் செய்யும் வகை. தின்ற அன்று நாய் துள்ளி விளையாடும். மூன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், மூக்கில் இரத்தம் வரும். செத்த எலியைத் தின்றாலும் ஆபத்து உண்டு. வைட்டமின் கே1 என்ற மாற்றுமருந்து இருக்கிறது. தின்றதைக் கண்டால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல், மருந்து அட்டையையும் எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

கேள்வி: சமாளிக்க முடியாவிட்டால் கோவில் பக்கமோ, செம்பனைக் காட்டிலோ விட்டுவிடலாம்தானே?

இப்படி நினைப்பவர் நாய் வாங்கவே கூடாது. விலங்குநலச் சட்டம் 2015 என்று ஒன்று இருக்கிறது. கொடுமைக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். உங்கள் கேள்விக்கு வேறு பதில் இல்லை.

கேள்வி: நல்ல காவல் நாய் எது?

இது மூன்றாவது தடவை. படித்துவிட்டுக் கேளுங்கள் ஐயா.

கேள்வி: மகன் ராட்வீலர் வாங்கிவிட்டு ஜொகூருக்குப் படிக்கப் போய்விட்டான். நாளெல்லாம் சங்கிலியில் கட்டித்தான் போட்டிருக்கிறேன். ஓயாமல் குரைக்கிறது, பக்கத்து வீட்டில் முகம் சுளிக்கிறார்கள். அவிழ்க்கப் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

அம்மா, இது உங்கள் தப்பு இல்லை. குரைப்பது பெரும்பாலும் சலிப்பால்தான். உடனே செய்ய வேண்டியது, சங்கிலிக்குப் பதில் நிழலும் தண்ணீரும் உள்ள வேலிபோட்ட இடம். காலை உணவைத் தட்டில் போடாமல் புல்லில் தூவிவிடுங்கள். மோப்பம் பிடித்துத் தேடித் தின்று களைத்துவிடும். உங்கள் கையால் சாப்பாடு கொடுத்து, "உட்கார்" என்று பழக்குங்கள். உறுமினாலோ, நீங்கள் பக்கத்தில் போக முடியவில்லை என்றாலோ, தனியாக முயலாதீர்கள். பழக்குபவர் ஒருவரைக் கூப்பிட்டு மகனைச் செலவைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஒரு விடுமுறைக்கு அவன் வந்து போன பிறகும் நிலைமை மாறவில்லை என்றால், கார் உள்ள, வேலி உள்ள, ராட்வீலர் வளர்த்துப் பழக்கமுள்ள குடும்பத்துக்குக் கொடுத்துவிடுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. லைசென்ஸை அவர்கள் பெயரில் எடுக்கச் சொல்லுங்கள், தடுப்பூசி அட்டையையும் கையோடு கொடுங்கள். மகனுக்குப் போன் போட்டு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கோபப்பட்டால் என்னிடம் பேசச் சொல்லுங்கள்.