கென்னடி என்றால் என்ன அர்த்தம்?

கேள்வி: என் அப்பா பெயர் கென்னடி. 1964-ல் பிறந்தவர், தாத்தா பேப்பர் பார்த்து வைத்த பெயராம். இப்போது எனக்குப் பெண் பிறந்திருக்கிறாள், அதே பெயரைப் பேத்திக்கும் வை என்கிறார் அப்பா. அதற்கு அர்த்தம் ஏதாவது உண்டா? பெண்ணுக்கு வைக்கலாமா?
(வாசகி, திண்டுக்கல்)

பதில்: அர்த்தம் உண்டு, ஆனால் அப்பாவிடம் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள். ஐரிஷ் மொழியில் அது 'ஓ கின்னேடி'. முன்பாதிக்குத் தலை என்று பொருள். பின்பாதியில்தான் வம்பு: ஒரு கட்சி அதை 'அவலட்சணம்' என்கிறது, இன்னொரு கட்சி 'கவசம்' என்கிறது. ஆக, கோரத்தலையன், இல்லையென்றால் தலைக்கவசக்காரன். அப்பா பைக் ஓட்டுபவர் என்றால் இரண்டாவதையே சொல்லிவிடுங்கள்.

அந்த 'ஓ' இருக்கிறதே, அதற்குப் பேரன், வழிவந்தவன் என்று அர்த்தம். கின்னேடி என்பது முதலில் ஓர் ஆளின் சொந்தப் பெயர்தான். அயர்லாந்தின் புகழ்பெற்ற அரசர் பிரையன் போருவின் அப்பா பெயரே அது, 951-ல் இறந்தவர். அவர் வம்சத்தில் ஒரு கிளை அதைக் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டது, பிறகு ஆங்கிலேயர் ஆட்சியில் 'ஓ' உதிர்ந்து வெறும் கென்னடி ஆனது. 1840-களின் கடைசியில், உருளைக்கிழங்குப் பஞ்சக் காலத்தில், அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டிலிருந்து அமெரிக்காவின் பாஸ்டனுக்குக் கப்பலேறிய பேட்ரிக் கென்னடியின் கொள்ளுப்பேரன்தான் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜான் எஃப். கென்னடி. 1963 ஜூனில் அந்தப் பூர்வீகப் பண்ணை வீட்டுக்கே போய், உறவுக்காரர்கள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தார். நவம்பரில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

உங்கள் தாத்தா படித்த பேப்பர் அநேகமாக அந்தச் சமயத்துப் பேப்பராகத்தான் இருக்கும். 1966-ல் பிறந்த நடிகர் விக்ரமின் இயற்பெயரிலும் கென்னடி உண்டு. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாதா, அதனால் அவர்களுடைய குடும்பப் பெயர் இங்கே வந்து மறுபடி சொந்தப் பெயராகி, இப்போது உங்கள் பெயருக்கு முன்னால் 'கெ.' என்று இனிஷியலாக நிற்கிறது. அவர்கள் 'ஓ' போட்டுச் சொன்னதை நாம் ஒரு புள்ளி வைத்துச் சொல்கிறோம், அவ்வளவுதான். தாத்தா பெயரைத் தாங்குகிறவன் என்பதால்தானே நாமும் 'பெயரன்' என்று சொல்லி அது பேரன் ஆனது!

சரி, பெண்ணுக்கு வைக்கலாமா? தாராளமாக. அமெரிக்காவில் இப்போது கென்னடி பெரும்பாலும் பெண் குழந்தைகளின் பெயர். திண்டுக்கல்லில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது மட்டும், பெயரைப் பார்த்துவிட்டு 'ஆண்' கட்டத்தில் டிக் அடித்துவிடாமல் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.