மாரியில் ஹொலோகிராம் நிறம் மாறினால் பழுதா?

யாழ்ப்பாணத்தில் பச்சை லேசரால் (அலைநீளம் 532 நானோமீட்டர், அதாவது நா.மீ.) அக்ரிலமைட் பொலிமர்ப் படலத்தில் (ஒளி பட்டால் இறுகும் பிளாஸ்டிக் போன்ற படலம்) பதிந்த பிரதிபலிப்பு ஹொலோகிராம் (ஒளியைத் திருப்பி அனுப்பிக் காட்டும் முப்பரிமாணப் படம்), கார்த்திகை மழையோடு மஞ்சளாகி மங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் பழுதில்லை. இந்தப் படலம் ஈரத்தை உறிஞ்சி ஊதும். படத்தின் நிறத்தைத் தீர்மானிப்பது உள்ளே பதிந்த நுண்வரிகளின் இடைவெளி; அது ஏறத்தாழ 177 நா.மீ. தான், தடிப்பு 5% கூடினாலே நிறம் 559 நா.மீ. பக்கம் நகர்ந்துவிடும். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் சில நாள் வையுங்கள். பச்சை திரும்பினால், அந்த உலர்ந்த நிலையிலேயே மேலே கண்ணாடி வைத்து, ஓரம் முழுவதும் எபொக்சி பூசி அடையுங்கள். ஈரத்தோடு அடைத்தால் அந்த ஈரம் உள்ளேயே நிற்கும்.

நிறம் நீலப்பக்கம் போனால் கதை வேறு: அது சுருக்கம். பதிவுக்குப் பின் மிஞ்சிய மொனோமர் (இன்னும் பொலிமராக இணையாத சிறு மூலக்கூறுகள்) அறை வெளிச்சத்தில் மெல்ல இணைந்துகொண்டிருக்கலாம். பதிந்தவுடன் படலம் முழுவதற்கும் புறஊதா ஒளியோ பலமான வெள்ளை ஒளியோ கொடுத்து, படலத்தில் உள்ள, ஒளியை உறிஞ்சும் சாயம் வெளிறும்வரை விட்டிருக்க வேண்டும். பலர் அவசரப்படுவது இங்கேதான். பிறகு திருத்துவது கடினம்.

அசோபென்சீன் (ஒளி பட்டால் வடிவம் மாறும் மூலக்கூறு) கலந்த வேறு வகைப் படலத்துக்கு ஈரத்தைவிட வெப்பமே பெரிய எதிரி. தகரக் கூரைக்குக் கீழே வைக்காதீர்கள்.

பதியாத படலத்தைக் குளிர்சாதனப் பெட்டியில், ஒளியும் காற்றும் புகாத பையில் வையுங்கள். எடுத்தவுடன் பிரிக்காதீர்கள், பனித்துளி படியும். அறை வெப்பத்துக்கு வந்தபின் திறவுங்கள்.