மாமியின் பெயருக்குச் சான்று

அன்புள்ள அண்ணாச்சி,

திருநெல்வேலி மேலப்பாளையத்தில் ஆசிரியையாகச் சேர்ந்து தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவர் என் மாமி. பீடி சுற்றும் வீடுகளில் வாசல் வாசலாக ஏறி இறங்கி, பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டி வந்தவர். தமிழ் விக்கிப்பீடியாவில் அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். குறிப்பிடத்தக்கமைக்கு, அதாவது தனிக் கட்டுரை பெறும் தகுதிக்கு, சான்று இல்லை என்று நீக்கப் பரிந்துரைத்துவிட்டார்கள். நல்லாசிரியர் விருதுச் சான்றிதழ், பள்ளியின் பொன்விழா மலர், ஒரு பத்திரிகை நறுக்கு எல்லாம் காட்டினேன். போதாதாம். சிறுபான்மைச் சமூகத்துப் பெண் என்பதால்தானோ என்று மனசு கசக்கிறது. நறுக்கின் படத்தை இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

மு., மேலப்பாளையம்

அன்புள்ள மு.,

உங்கள் மாமி செய்த வேலை எவ்வளவு பெரியது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் விக்கிப்பீடியா அதை எடைபோடவில்லை. அது கேட்பது ஒன்றுதான்: அவருக்கும் அவர் பள்ளிக்கும் சம்பந்தமில்லாத யாராவது அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதி, ஆசிரியர் குழு பார்த்து வெளியிடும் இடத்தில் அது வந்திருக்கிறதா? பொன்விழா மலர் பள்ளியே போட்டது. விருதோ, ஆண்டுதோறும் மாநிலம் முழுக்க நூற்றுக்கணக்கானோருக்குக் கிடைப்பது. பணியில் சேர்ந்த ஆண்டு, ஓய்வு பெற்ற ஆண்டு போன்ற விவரங்களுக்கு இரண்டும் உதவும். தகுதிக்கு நிற்காது.

நறுக்கு அப்படியல்ல, அதை விடாதீர்கள். நம் வீடுகளில் எல்லோரும் செய்வதுபோல, பத்திரிகைப் பெயரும் தேதியும் போகும்படி செய்தியை மட்டும் ஒட்ட வெட்டி ஆல்பத்தில் ஒட்டியிருக்கிறார்கள். பதமாக உரித்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். ஏல அறிவிப்போ சினிமா விளம்பரமோ பாதியாவது இருக்கும். பூர்ணகலாவில் என்ன படம் ஓடியது என்று தெரிந்தாலே எந்த மாதம் என்று பிடித்துவிடலாம். பத்தியின் அகலத்தையும் எழுத்தின் வடிவத்தையும் அந்தக் காலத்துத் தாள்களோடு ஒப்பிட்டால் எந்தப் பத்திரிகை என்பதும் தெரிந்துவிடும். தினமலர் 1957-லேயே திருநெல்வேலிக்கு வந்துவிட்டது. உள்ளூர்ச் செய்தி நிறையப் போட்ட தாள், அங்கிருந்து தொடங்குங்கள். சென்னை கன்னிமாரா நூலகத்திலும் தேடலாம். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி புத்தகப் பிரதிகள் போய்ச்சேரும் நூலகங்களில் அதுவும் ஒன்று; 1956-இல் செய்தித்தாள்களையும் அந்தச் சட்டத்தில் சேர்த்தார்கள். சான்று இணையத்தில் இருந்தே ஆகவேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பத்திரிகையின் பெயர், பதிப்பு, தேதி, பக்க எண் கொடுத்தால் போதும்.

தேடும்போது பெயரில் கவனம் வேண்டும். கல்யாணத்துக்கு முன் வாப்பா பெயரின் முன்னெழுத்து, பிறகு கணவர் பெயருடையது. பேகம், பீவி, பாத்து என்று ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி எழுதியிருப்பார்கள். மாவட்டத்தின் பெயரும் அப்படித்தான். 1986-இல் தூத்துக்குடி பிரிந்த பிறகு 1997 வரை நம் மாவட்டம் அரசுத் தாள்களில் 'நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்'. திருநெல்வேலி என்று மட்டும் தேடினால் அத்தனை வருடமும் கண்ணில் படாமல் போய்விடும்.

முஸ்லிம் முரசு, மணிச்சுடர், சமரசம் போன்றவற்றின் பழைய இதழ்களையும் புரட்டுங்கள். சமுதாயப் பத்திரிகை என்பதற்காகத் தள்ளமாட்டார்கள். பள்ளி நிர்வாகத்தின் கையில் இல்லாத பத்திரிகையா என்பதுதான் கேள்வி. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளை இணையத்தில் சேர்த்துவைக்கும் சோத்கங்கா தளத்தில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழக ஆய்வேடுகளைப் பாருங்கள். மேலப்பாளையத்துப் பெண் கல்வியை யாராவது ஆராய்ந்திருந்தால், அதில் அவர் பற்றி வரும் ஒரு பக்கம் பத்து மலர்களுக்குச் சமம்.

இனி உங்கள் கசப்பு. அதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அது போய்ச்சேர வேண்டிய இடம் வேறு. பக்கத்துப் பாளையங்கோட்டையைப் பாருங்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம்கூட இல்லை, மேலப்பாளையம் இருக்கும் அதே கரைதான். அங்கே சாராள் தக்கர் பெயரில் கல்லூரி இருக்கிறது. அந்தம்மா இங்கிலாந்துக்காரர், இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனாலும் அவரைப் பற்றி எழுத ஆதாரம் உண்டு, ஏனென்றால் இங்கிலாந்தின் கிறிஸ்தவ மிஷனரி அமைப்பான சர்ச் மிஷன் சங்கம் கடிதம், அறிக்கை என்று எல்லாவற்றையும் பத்திரப்படுத்தியது. அந்தத் தாள்கள் இன்றும் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ஆய்வாளர்கள் போய்ப் படிக்கிறார்கள், புத்தகம் எழுதுகிறார்கள். மேலப்பாளையத்துத் தெருக்களில் நடந்த ஒரு முஸ்லிம் ஆசிரியைக்கு அப்படி ஒரு காப்பகம் இல்லை. எழுத வேண்டிய நாம் எழுதவில்லை. அந்தக் குறை கலைக்களஞ்சியத்தில் அப்படியே வந்து நிற்கிறது.

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லண்டைப் பற்றிய கட்டுரையை, சான்று போதவில்லை என்று 2018 மே மாதம் ஆங்கில விக்கிப்பீடியா திருப்பி அனுப்பியது. அதே ஆண்டு அக்டோபரில் அவருக்கு நோபல் பரிசு.

ஆகவே எதுவும் கிடைக்காவிட்டால் அந்தக் கட்டுரைக்காக மல்லுக்கட்ட வேண்டாம். நண்பரை விட்டு எங்காவது எழுதச் சொல்லி அதையே சான்றாகக் காட்டுவதும் வேண்டாம். கண்டுபிடித்துவிடுவார்கள், பிறகு உண்மையான சான்று கிடைத்தாலும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். நீங்கள் உறவினர் என்பதையும் மறைக்காதீர்கள். கட்டுரையோடு சேர்ந்த உரையாடல் பக்கத்தில் அதைச் சொல்லி, சான்றுகளை வைத்து, வேறொருவர் எழுதட்டும் என்று கேளுங்கள். மேலப்பாளையத்துப் பள்ளிகளின் வரலாற்றை ஆராய ஒரு மாணவர் கிடைத்தால் உங்களிடம் இருப்பதையெல்லாம் பிரதி எடுத்துக் கொடுங்கள். அவர் விசாரித்து, சரிபார்த்து, ஓர் ஆய்விதழில் வெளியிட்டால் மாமியின் பெயர் முறையாகப் பதிவாகும். அதற்குச் சில வருடம் ஆகலாம். ஆகட்டும்.

மாமி இருக்கிறார்கள் என்றால் இந்த வாரமே உட்கார்ந்து பேசுங்கள். அவர்களே சொல்வது தகுதிக்கான சான்றாகாது, ஆனால் எந்தத் தேதியைத் தேடுவது என்று காட்டிக்கொடுக்கும். பள்ளியின் ஆண்டுவிழாவுக்கும் கட்டடத் திறப்புக்கும் யார் யார் வந்தார்கள் என்று கேளுங்கள். அமைச்சரோ ஆட்சியரோ வந்திருந்தால் மறுநாள் தாளில் செய்தி வந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

அன்புடன்.