இரண்டு முயல்களை ஒரே கூண்டில் விட்டால் தானாகச் சேர்ந்துவிடுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு வயதுப் பெண் முயல் ஒன்று இருக்கிறது. துணைக்கு இருக்கட்டும் என்று சென்ற வாரம் இன்னொரு பெண் முயலை வாங்கி வந்தேன். ஒரே கூண்டில் விட்டதும் கடித்துக்கொள்கின்றன. இரண்டு நாள் சண்டை போட்டுவிட்டுத் தானாகச் சேர்ந்துவிடும் என்கிறார் கடைக்காரர். அப்படியே விட்டுவிடலாமா?

விடாதீர்கள். முதலில் எழுந்துபோய் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டு வாருங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

இவ்வளவு அவசரமாகச் சொல்வதற்குக் காரணம், ஏறக்குறைய இதே சொற்களை நானும் ஒரு கடைக்காரரிடம் கேட்டு நம்பியவன் என்பதுதான். கோயம்புத்தூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டில் பஞ்சு என்ற வெள்ளைப் பெண் முயல் ஒன்றரை ஆண்டாக வளர்ந்துகொண்டிருந்தது. நானும் மனைவியும் வேலைக்குப் போய்விட்டால் பகலெல்லாம் தனியாகக் கிடக்கிறதே என்று, ஆயுத பூசை விடுமுறையில் நான்கு மாதச் சாம்பல் நிற முயல் ஒன்றை வாங்கி வந்து மீனா என்று பெயர் வைத்தோம். பெண் என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். வந்த அன்றே, அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து நேராகப் பஞ்சுவின் கூண்டுக்குள் விட்டேன். பஞ்சு மோந்து பார்த்தது, வாலைத் தூக்கியது, காதுகளைப் பின்னால் படியவைத்தது. அது தாக்கப்போவதன் அடையாளம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மனைவியை அழைத்துக் காட்டியபடி கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த நொடி இரண்டும் ஒன்றின் வயிற்றை மற்றொன்று பற்றிக்கொண்டு பம்பரமாகச் சுழன்றன. வெறுங்கையை விட்டுப் பிரித்ததில் என் கட்டைவிரலில் பல் இறங்கியது. மீனாவின் இடக் காதில், நடத்துனர் சீட்டைக் கிழித்ததுபோல் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. காது வளர்ந்த பிறகும் அந்த இடைவெளி மூடவில்லை.

காதுக்கு மருந்து போட்ட மருத்துவர், மீனாவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது ஆண் ஆயிற்றே" என்றார். மிகச் சிறிய குட்டிகளில் ஆண், பெண் அடையாளம் காண்பது அனுபவசாலிகளுக்கே தவறும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான்கு மாதத்தில் விதைப்பை நன்றாகவே தெரியும். கடையில் யாரும் புரட்டிக்கூடப் பார்த்திருக்கவில்லை. பெயரை நாங்கள் மாற்றவில்லை, அவன் இன்றும் மீனாதான்.

முயல் கூட்டமாக வாழும் பிராணி என்பது உண்மை. அதே அளவுக்கு இடத்தை உரிமை கொண்டாடும் பிராணி என்பதும் உண்மை. தாடைக்குக் கீழே இருக்கும் சுரப்பியால் கூண்டுக் கம்பி, தட்டு, நாற்காலிக் கால் என எல்லாவற்றிலும் தேய்த்து வாசனை வைத்திருக்கும் இடத்தில் நாம் இன்னொரு முயலைக் கொண்டுபோய் இறக்கினால், பழைய முயலின் கணக்கில் அது வீடு புகுந்த திருடன்தான். "பண்ணையில் நூறு முயல் வளர்க்கிறார்கள், அங்கெல்லாம் இப்படியா பார்க்கிறார்கள்" என்று கேட்க யாராவது வருவார்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். பண்ணையில் ஒன்றாக இருப்பவை பால் மறந்த இளம் குட்டிகள். பருவத்துக்கு வந்தவற்றைத் தனித்தனிக் கூண்டில்தான் வைக்கிறார்கள். இனச்சேர்க்கைக்குக்கூடப் பெண் முயலை ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோவார்களே தவிர, ஆணைப் பெண்ணின் கூண்டுக்குள் விடமாட்டார்கள், விட்டால் பெண் தன் இடத்தைக் காக்கக் கடித்துத் துரத்திவிடும் என்பதால். நான் செய்தது சரியாக அந்தத் தவறைத்தான்.

நான் கால்நடை மருத்துவர் அல்லன்; இரண்டு முயல்களை மட்டும் வளர்த்தவன். எங்கள் வீட்டில் பலித்ததைச் சொல்கிறேன்.

முதலில் கருத்தடை. இதைச் சொன்னால் பாவம், கொடுமை என்பவர்கள் உண்டு. பெண் முயலுக்கு நாய்போலப் பருவ காலம் கிடையாது. இணை சேர்ந்த பிறகே கருமுட்டை வெளிவரும், ஏறத்தாழ 31 நாளில் குட்டி போடும், போட்ட அன்றே மறுபடியும் சினை பிடிக்கும். அதோடு கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்றுநோய் வருவது மிகச் சாதாரணம். இதைவிட எது கொடுமை என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளட்டும். ஆணுக்கு அறுவை முடிந்தாலும் ஆறு வாரம் வரை கருத்தரிக்கச் செய்யும் திறன் மிச்சமிருக்கலாம் என்பதால் அதுவரை தனியாகத்தான் வைக்க வேண்டும்.

ஆனால் முயலுக்கு அறுவை செய்யும் மருத்துவரைத் தேடி நான் அலைந்த அலைச்சல் இருக்கிறதே! இரண்டு இடங்களில் நாய்க்கும் பூனைக்கும் மட்டும்தான் என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது இடத்தில் சம்மதித்தார்கள், ஆனால் முதல் நாள் இரவிலிருந்தே பட்டினி போடச் சொன்னார்கள். முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. மயக்கத்தில் வாந்தி வரக் கூடாது என்று நாய்க்குச் சொல்லும் பட்டினி இதற்குத் தேவையில்லை என்பதோடு, பட்டினியால் குடல் ஓட்டம் நின்றால் உயிருக்கே ஆபத்து. "முயலுக்குப் போய் இவ்வளவு பார்க்கிறீர்களா?" என்று அங்கே ஒருவர் சிரித்தது இன்னும் மனத்தில் நிற்கிறது. (எங்கள் உறவினர்கள் இதைவிட மோசம், எப்போது குழம்பு என்று கேட்காமல் யாரும் வீட்டைவிட்டுப் போனதில்லை.) முயல்களைப் பார்த்துப் பழகிய ஒரு மருத்துவர் கடைசியில் கிடைத்தார். முயல் வாங்கிய விலையைப்போலப் பல மடங்கு செலவானது, உண்மைதான். அறுவைக்குப் பின் அரை நாள் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்று அவர்தான் எச்சரித்து அனுப்பினார்.

மீனாவின் ஆறு வாரம் முடிந்து, பஞ்சுவின் தையலும் ஆறும் வரை இரண்டு கூண்டுகளையும் கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில், நான்கு விரல் இடைவெளி விட்டு வைத்திருந்தேன். மோந்துகொள்ளலாம், கடிக்க முடியாது. தினமும் மாலையில் ஒன்றின் சாக்குத் துண்டை மற்றதன் கூண்டில் போடுவேன். மலத்தட்டையும் மாற்றி வைப்பேன். முதல் வாரம் பஞ்சு பின்னங்காலால் தரையை உதைத்துக்கொண்டே இருந்தது, கூண்டின் அந்த ஓரத்தில் மட்டும் வேலி போட்டதுபோலப் புழுக்கையை வரிசையாகப் போட்டு வைத்தது. தீவனத்தை இரு பக்கமும் கம்பிக்கு அருகிலேயே வைத்ததால், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் எதிரியின் முகத்தைப் பார்த்தபடிதான் தின்ன வேண்டியிருந்தது. மூன்றாம் வாரத்தில் ஒரு மதியம், இரண்டும் கம்பியோரமாக முதுகைக் காட்டிப் படுத்திருந்தன. எதிரி என்று நினைத்தால் முயல் அதற்கு முதுகு காட்டிப் படுக்காது.

அடுத்து, இரண்டில் எதுவும் அதுவரை கால் வைக்காத இடம் வேண்டும். குளியலறையில்தான் தொடங்கினேன், வழுவழுப்பான தரையில் கால் வழுக்கி இரண்டும் மிரண்டன. வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டு மொட்டை மாடிப் படியறையைக் காலையில் மட்டும் வாங்கிக்கொண்டு, பழைய சணல் சாக்குகளை விரித்தேன். வெயில் ஏறினால் அந்த அறை அடுப்பாகிவிடும். முயலுக்கு நம்மைப்போல வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். எனவே ஆறரை மணிக்குத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவேன். சண்டை முற்றினால் கையை விடாமல் நடுவில் நுழைப்பதற்கு என் ஆயுதம், சமையலறையிலிருந்து எடுத்த மூங்கில் முறம். ஒரு வாரத்தில் முறத்தின் விளிம்பை இரண்டும் கொறித்துவிட்டன, ஒற்றுமையாக அவை செய்த முதல் காரியம் அதுதான்.

துரத்துவது, முடியை ஒரு கவ்வு கவ்வுவது, ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது ஆகியவற்றுக்கெல்லாம் பதறிப் பிரிக்க வேண்டாம். கருத்தடை செய்த பிறகும் ஏறும்; யார் பெரியவர் என்று காட்டத்தான். தலைப்பக்கமாக ஏறினால் மட்டும் உடனே தள்ளிவிடுங்கள், கீழே இருக்கும் முயல் கடிப்பது மேலே ஏறியதன் பிறப்புறுப்பை. சுற்றிச் சுற்றி வட்டமிட்டு வாலைத் தூக்கினால் முறத்தை இறக்கிவிட வேண்டும். பத்தாம் நாள் இரண்டும் நெற்றியோடு நெற்றியை முட்டித் தலையைத் தாழ்த்தி அசையாமல் இருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகுதான் தெரிந்தது, அது பாசம் அல்ல. "நீ என்னை நக்கு" என்று இரண்டும் ஒரே நேரத்தில் கட்டளையிடுகின்றன, இரண்டும் பணிய மறுக்கின்றன! ஐந்து நிமிடம் அப்படியே நின்றன. மறுநாள் மீனாவின் நெற்றியில் துளி வாழைப்பழத்தைத் தடவினேன். பஞ்சு பழத்தைத்தான் நக்கியது, பழம் தீர்ந்த பிறகும் இரண்டு நக்கு நக்கியது. பழத்தால் பலித்ததா, நாளாகிவிட்டதால் பலித்ததா என்று என்னால் சொல்ல முடியாது. அந்த வாரத்திலிருந்து ஒரே கல்யாண முருங்கைக் கொத்தை இரு முனையிலிருந்தும் தின்றுகொண்டு நடுவில் வந்து மூக்கு முட்டினால் சண்டையில்லாமல் திரும்பிக்கொண்டன.

கூடையில் இரண்டையும் போட்டு வண்டியில் ஒரு சுற்றுப் போனால் ஒட்டிக்கொள்ளும் என்று சிலர் எழுதுகிறார்கள். பயத்தில் ஒட்டிக்கொள்வதைப் பழக்கம் என்று எண்ணி, இறக்கியதும் ஒரே கூண்டில் விட்டால் என்ன ஆகும் என்பதை என் கட்டைவிரல் சொல்லும். சிலருக்குப் பலித்திருக்கலாம், நான் செய்யவில்லை.

படியறையில் இப்படி ஐந்து வாரம் பழக்கிய பிறகு, கூண்டுகளை வினிகர் கலந்த நீரில் கழுவி, கூடத்தில் பொருள்களின் இடத்தையெல்லாம் மாற்றி, இரண்டு தண்ணீர்க் கிண்ணம், இரண்டு மலத்தட்டு, இரண்டு வாசல் உள்ள இரண்டு அட்டைப்பெட்டி என எல்லாவற்றையும் இரட்டையாக வைத்துத் திறந்துவிட்டேன். ஒரே வாசல் இருந்தால் உள்ளே மாட்டிக்கொண்டது தப்ப வழியில்லை. அன்றிரவு கூடத்திலேயே பாய் விரித்து, முறத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன். மூன்று மணிக்குச் சீரான நக்கும் ஓசை கேட்டு விளக்கைப் போடாமல் பார்த்தேன். அந்தக் கிழிந்த காதைத்தான் பஞ்சு நக்கிக்கொண்டிருந்தது.

இப்போது ஒன்றுக்கு உடம்பு சரியில்லை என்றாலும் மருத்துவரிடம் இரண்டையும் ஒரே கூடையில்தான் கொண்டுபோகிறோம். தனியாகப் போய் வேறு வாசனையோடு திரும்பினால் மறுபடியும் அந்நியனாகிவிடும் அபாயம் உண்டு.

உங்களுடையவை உண்மையிலேயே இரண்டும் பெண் என்றாலும் சேர்க்கலாம். கருத்தடை செய்த ஆண், பெண் இணையைவிடப் பொதுவாகச் சற்றுக் கூடுதல் பொறுமை வேண்டும். ஆனால் புதியது பெண் என்று உங்களிடம் சொன்னது யார்? இரண்டு நாளில் சேர்ந்துவிடும் என்று சொன்ன அதே கடைக்காரர்தானே? இந்த வாரமே ஒரு மருத்துவரிடம் கொண்டுபோய்ப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆணாக இருந்தால், ஒரே கூண்டில் இருந்த கடைசி நாளிலிருந்து 31 நாளை எண்ணி வையுங்கள்.