ஒல்லி உடம்பு, சின்னத் தாடை

வணக்கம். எனக்கு வயது 41, எடை 61 கிலோ. நான் பலமாகக் குறட்டை விடுவதாகவும் நடுநடுவே மூச்சே நின்றுவிடுவதாகவும் மனைவி சொல்கிறாள். டாக்டர் ஸ்லீப் ஆப்னியாவாக (தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய்) இருக்கலாம், தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்கிறார். அது குண்டானவர்களுக்கு வருவதுதானே? எனக்கு எதற்கு?
- பெயர் வேண்டாம் என்ற வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் சித்தப்பாவும் காற்றடித்தால் சாய்கிற உடம்புக்காரர். ஒரு கல்யாண வீட்டில் அவர் பக்கத்துப் பாயில் படுத்திருந்தேன். ஏறிக்கொண்டே போன குறட்டை சட்டென்று நின்றது. நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குகின்றன, மூக்கருகே விரலை வைத்தால் காற்றே இல்லை. பயத்தில் எண்ண ஆரம்பித்தேன். 22 வரை வந்ததும் 'ஹக்' என்று மூச்சை இழுத்துப் புரண்டு படுத்தார். காலையில் கேட்டால், நல்ல தூக்கம் என்கிறார். 10 விநாடி நின்றாலே மருத்துவக் கணக்கில் அது ஒரு மூச்சுத்தடை. மணிக்கு 30 தடவைக்கு மேல் போனால் நோய் கடுமை.

சித்தப்பாவைப் பக்கவாட்டில் பார்த்தால் மோவாய் நன்றாக உள்வாங்கியிருக்கும். விஷயம் அங்கேதான் இருக்கிறது. நாக்கு குடியிருப்பது தாடை எலும்புகளுக்கு நடுவே. அந்த இடம் குறுகலாக இருந்தால், தூக்கத்தில் தசை தளர்ந்ததும் சாதாரண நாக்கே பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துவிடும். இடம் தாராளமாக இருப்பவர்களுக்கோ, எடை ஏறும்போது கழுத்தைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து வழி சுருங்கும். நாக்குக்குள்ளும் சேரும்! எடை குறைத்தவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு 2020-ல் வந்தது. நோய் தணிந்ததற்கு முக்கியக் காரணம் நாக்கின் கொழுப்பு கரைந்ததுதான் என்று அதில் தெரிந்தது. நோய் ஒரே அளவில் இருந்த சீனர்களையும் வெள்ளையர்களையும் ஒப்பிட்டும் பார்த்திருக்கிறார்கள். சீனர்களிடம் எலும்பு நெருக்கடி அதிகம், வெள்ளையர்களிடம் பருமன் அதிகம்.

தாடை சின்னதாக இருப்பவருக்கு எடை விஷயத்தில் சலுகை கிடையாது. ஏற்கெனவே இடம் குறைவு, கொஞ்சம் தொப்பை போட்டாலும் தொண்டைக்குத் தெரிந்துவிடும்.

சிகிச்சைக்கும் பயப்பட வேண்டாம். காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபேப் கருவி 1981-லிருந்து இருக்கிறது. கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கிற பல் கருவி உங்களைப் போன்றவர்கள் பலருக்கு நன்றாகவே உதவுகிறது. எது உங்களுக்குப் பொருந்தும் என்று பரிசோதனைக்கு அப்புறம் டாக்டர் சொல்வார்.

இன்று இரவு நீங்கள் மல்லாந்து தூங்கும்போது போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். அதை டாக்டரிடம் காட்டுங்கள். வண்டி ஓட்டும்போது கண் சொருகுகிறது என்றால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.