பழைய தேக்குக் கதவைச் சீர்செய்வது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

செட்டிநாட்டுப் பக்கத்துப் பழைய வீட்டுக் கதவுகள் பற்றி வந்த கேள்விகள் இவை. பெரும்பாலானவை பர்மா தேக்கு. அந்த மரம் இனி அந்தத் தரத்தில் கிடைப்பது அரிது. அதனால் என் பதில்கள் எல்லாமே ஒரு பக்கம்தான் சாயும்: எவ்வளவு குறைவாக வெட்டுகிறோமோ அவ்வளவு நல்லது.

தேவகோட்டையிலிருந்து: முகப்புக் கதவில் நாலைந்து பூச்சு பச்சை எனாமல் ஏறிக் கிடக்கிறது. சாண்டர் மெஷின் போட்டுத் தேய்த்துவிடலாமா ஐயா?

வேண்டாம். பழைய எனாமலில் ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக் கூடாது என்ற விதியே இங்கே 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் வீடு முழுக்கப் படியும். சின்னக் குழந்தைகள் இருந்தால் சொல்லவே வேண்டாம். மெஷின் செதுக்கலின் விளிம்பையும் சேர்த்துத் தின்றுவிடும்.

பெயின்ட் ரிமூவரைத் தடிமனாகப் பூசி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஊறவிடுங்கள். பெயின்ட் சுருங்கி எழும்பியதும், முனை மழுங்கிய சுரண்டியால் மரத்தின் நார் ஓடும் திசையிலேயே தள்ளுங்கள். நிலைக்கு மேலே லட்சுமியும் கொடி வேலைப்பாடும் இருக்குமே, அங்கே மூங்கில் குச்சியும் பழைய பல் பிரஷும் போதும். கம்பி பிரஷ் நாரைக் கிழித்துவிடும். கையுறையும் முகமூடியும் போட்டு, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். சுரண்டிய குப்பையை எரிக்கவே கூடாது.

காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கினால் ஒரே நாளில் முடியும் என்கிறார்களே?

முடியும். அப்புறம் மூட்டுகள் தளரும், தேக்கு கறுத்துப்போகும். செய்யாதீர்கள்.

காரைக்குடியிலிருந்து: கதவு தரையில் உரசுகிறது. அடியை இழைத்துவிடலாம் என்கிறார் ஆசாரி.

எப்போது உரசுகிறது என்று முதலில் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் என்றால் மரம் ஈரத்தில் ஊதியிருக்கிறது. அப்போது இழைத்தால் பங்குனி வெயிலில் இடைவெளி விழும். வருஷம் முழுக்க உரசினால் குடுமியைச் சந்தேகப்படுங்கள். இந்தக் கதவுகள் பலவும் கீல் இல்லாமல், மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் முளையான குடுமியில் சுழல்பவை. கீழ்க்குடுமி தேயத் தேயக் கதவு இறங்கி, பூட்டுப் பக்க மூலை தரையைத் தொடும். தரையில் வில் போன்ற கீறல் தடம் தெரியும். நாலு பேர் சேர்ந்து கதவைக் கழற்றி, தேய்ந்த குடுமிக்கு ஒட்டு வைத்து, பித்தளைப் பூண் போட்டால் கதவு பழைய உயரத்துக்கே வந்துவிடும். ஒரு இழைகூடச் சீவ வேண்டியிருக்காது.

நிலையின் அடி உளுத்துவிட்டது. சிமென்ட் வைத்து அடைக்கலாமா?

சிமென்ட் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பக்கத்து மரமும் சேர்ந்து கெடும். உளுத்ததை மட்டும் நல்ல மரம் தென்படும்வரை சாய்வாக வெட்டி எடுத்து, பழைய தேக்கிலேயே, நார் ஒரே போக்கில் வருமாறு ஒட்டு வையுங்கள். தேக்கின் வைரத்தை, அதாவது உள்மரத்தை, பூச்சி எளிதில் தொடாது; வெளிறு எனும் வெளிப்பக்க மரம்தான் முதலில் போகும். அடியில் கறுப்புத் தாள் விரித்துவையுங்கள். மறுநாள் மாவு போலப் புதுத் தூள் விழுந்திருந்தால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. மருந்தடித்துவிட்டுத்தான் ஒட்டு வேலை.

கடைசியில் வார்னிஷா, எண்ணெயா?

வெயில் படும் வாசல் கதவு என்றால் எண்ணெய்தான். வார்னிஷ் உரிந்தால் மறுபடி முழுக்கச் சுரண்ட வேண்டும், எண்ணெய் என்றால் துடைத்துவிட்டு மேலேயே பூசலாம். காய்ச்சிய ஆளி விதை எண்ணெயில் கொஞ்சம் டர்பன்டைன் கலந்து மெல்லிசாகப் பூசுங்கள். மிச்சத்தைத் துடைத்தெடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்த பூச்சு.

ஒரு எச்சரிக்கை: அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் அமுக்கிவையுங்கள்.