துருப்பிடித்த தொங்கு பாலம்: கேபிளை இழுத்துக் கட்டினால் போதுமா?

கேள்வி: எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் பாடசாலைக்குப் போக, ஓயாவின் மேலுள்ள 30 மீற்றர் தொங்கு பாலம்தான் வழி. கேபிள் துருவேறி, நடுப்பகுதி தொய்ந்துவிட்டது. இழுத்துக் கட்டி, பெயின்ட் அடித்துத் தருவதாக ஒரு கொந்தராத்துக்காரர் சொல்கிறார். கொடுக்கலாமா? (வாசகர், பூண்டுலோயா)

பதில்: கொடுக்காதீர்கள். 30 மீற்றர் பாலம் நடுவில் 3 மீற்றர் தொய்ந்திருந்தால், பாலத்தின் மொத்தப் பாரத்தைப் போல் ஒன்றேகால் மடங்கு இழுவை கேபிள்களில் விழும். தொய்வை ஒன்றரை மீற்றராக்கினால் அது இரண்டரை மடங்கு. பாலம் நிமிர்ந்து அழகாகத் தெரியும். துருப்பிடித்த கேபிள் இரட்டிப்பு இழுவையில் நிற்கும். பெயின்ட் அறுந்த இழைகளை மறைக்கும், அவ்வளவுதான்.

பழைய கேபிள் சும்மா தொய்வதில்லை. பெரும்பாலும் கரையில் கேபிளைப் பிடித்திருக்கும் நங்கூரக் கொங்கிறீட் நகர்ந்திருக்கும், அல்லது மடித்த கேபிள் முனையை இறுக்கிப் பிடிக்கும் கிளிப் வழுக்கியிருக்கும். கரையிலுள்ள முனைக்குப் போய்க் கம்பி பிரஷால் துருவைத் தேய்த்துவிட்டுப் பாருங்கள். முனையில் ஓர் இழைக்கு மேல் அறுந்திருந்தால் அன்றே பாலத்தை மூடுங்கள். நடுவில் ஒரு புரி (பல இழைகள் சேர்ந்த முறுக்கு) கேபிளை ஒரு சுற்றுச் சுற்றிவரும் நீளத்துக்குள் இரண்டு இழைக்கு மேல் அறுந்திருந்தாலும், 19 மி.மீ. கேபிள் 18க்குக் கீழே மெலிந்திருந்தாலும் புதிதுதான் போட வேண்டும்.

புதிது என்றால் புதிதுதான். இறக்கிய கேபிளை கிரீஸ் பூசிக் கொண்டுவரும் தரகர்கள் இருக்கிறார்கள். உள்ளே இருக்கும் நார் தண்ணீரைக் குடித்து உள்ளிழைகளைத் தின்றிருக்கும்; வெளியே பளபளக்கும். சோதனைச் சான்றிதழ் இல்லாத கேபிளுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கிளிப்பில்தான் எல்லோரும் பிழை விடுகிறார்கள். யு வடிவ பொல்ட் மடித்து வந்த வால் பக்கம். தட்டையான சேணம் பாரம் தாங்கும் பக்கம். மாற்றிப் போட்டால் யு பொல்ட் பாரம் தாங்கும் இழைகளை நசுக்கிவிடும். 19 மி.மீ. கேபிளுக்குக் குறைந்தது 4 கிளிப், நாலரை அங்குல இடைவெளி, வளைவுக்குள் திம்பிள் (கேபிள் நசுங்காமல் காக்கும் உலோக வளையம்). பாரம் ஏறியதும் கேபிள் சற்று மெலியும், நட்டுகள் தளரும்; திரும்பவும் இறுக்குங்கள்.

இழுத்துக் கட்டக்கூடியது கைப்பிடிக் கேபிள் மட்டும். ஆனால் நடைபலகையைத் தாங்கும் தொங்கு கம்பிகள் அதிலிருந்து இறங்கினால், அது கைப்பிடி அல்ல, பிரதான கேபிள். ஒரே ஒரு கம்பி இறங்கினாலும் அப்படித்தான்; தொடாதீர்கள்.

"தோட்டக் காணி, எங்களால் முடியாது" என்று பிரதேச சபையில் இன்னமும் திருப்பியனுப்புவார்கள். பிள்ளைகள் நடக்கும் பாலத்துக்கு இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. தோட்டங்களிலும் வேலை செய்யச் சபைக்கு வழியுண்டு. கடிதத்தில் அந்தத் திருத்தத்தைக் குறிப்பிட்டு, முனையின் படத்தையும் அளந்த மி.மீ. கணக்கையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிரதி தோட்ட நிர்வாகத்துக்கு.